கூப்பிடு தூரம்

தன்னாமுனையில் வாடகைக்குப் பார்க்க வந்த வீட்டின் நடு அறையில் மார்கிறட் நிற்கிறாள். ஓட்டு இடுக்கால் விழும் வெயில் வெறும் சீமெந்துத் தரையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வாவிக் காற்றில் யன்னல் கதவொன்று ஓயாமல் அடித்துக்கொள்கிறது. "காலம பஸ் ஏறினா நேரத்துக்குக் கச்சேரிக்குப் போயிரலாம். பொழுதுபட முந்தி வந்திருவன்," என்கிறான் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் புருஷன் வினாயகமூர்த்தி. பொழுதுபடும் வரை இங்கே அவளும் ஏழு மாத வயிறும்தான். பெண்பிள்ளைக்குத் தாய்வீட்டையே சீதனமாகக் கொடுக்கிற ஊர் இது. சைவப் பொடியனைக் கட்டியவளுக்கு அந்தக் கதவு சாத்தியே கிடக்கிறது. பஸ் நிற்கும் இடத்தைப் பார்க்க அவன் ரோட்டுக்குப் போனதும், அவள் குசினி வாசலுக்கு வருகிறாள். நோவு கண்டால் ஆருக்குக் கேட்கும்? ஒருதரம் கூப்பிட்டுத்தான் பார்ப்போமே என்று வாயைத் திறக்கிறாள். வேறு பேர் எதுவும் வரவில்லை. "அம்மா!" வெறும் அறைகள் அதைத் திருப்பிச் சொல்கின்றன. தென்னோலைக் கிடுகு வேலிக்கு அப்பால் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நிற்கிறது. "ஓம் மகள், வாறன்!" ஈரக் கையோடு ஒரு மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள், தன் மகளில்லை என்று கண்டு திகைக்கிறாள். "ஆரு பிள்ள நீ? சட்டியே கைநழுவிப் போச்சு!" "ஒண்டுமில்ல... கேக்குதா எண்டு பாத்தன்." மனுசியின் பார்வை அவள் வயிற்றுக்கு இறங்குகிறது. "கேக்குது பிள்ள, நல்லாக் கேக்குது," என்றுவிட்டுத் தன் சட்டிக்குத் திரும்புகிறாள். "என்ன, வீடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டபடி வருகிறான் வினாயகமூர்த்தி. மார்கிறட் வேலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த வேலியில ஆள் போய்வர ஒரு கடப்பு வைக்க விடுவாங்களா எண்டு கேளுங்க."