வலது ஷூ

1979 மார்ச்சில் அருளப்பன் இறந்தான். டெல்லி சரோஜினி நகர் வீட்டு வாசலில் அவனுடைய புல்லட் மோட்டார் சைக்கிள் காற்று இறங்கிக் கிடந்தது. ஆனாலும் மனைவி மரியபுஷ்பம் காலையில் பாலிஷ் போட்டுவைக்கும் அவனுடைய வலது ஷூவின் நுனியில், தினமும் சாயங்காலம் வண்டியின் வலதுபக்கக் கியர் லீவர் உரசிய கீறல் இருந்தது. உயிரோடிருந்தபோதும் அந்தக் கீறலுக்காகத்தான் அலுத்துக்கொள்வான்.

அவள் கரோல் பாக்கிலிருந்து மெக்கானிக் சுப்பையாவை வரவழைத்தாள்.

"வண்டிய விக்கவாக்கா?"

"இல்லப்பா. குதிகாலால மிதிக்கிற மாதிரி லீவருக்குப் பின்னாலயும் ஒரு மிதி வச்சு, குரோம் பூசிக் குடு. ஷூ பாழாப் போகுது."

சுப்பையா லீவரைக் கழற்றினான்.

புது லீவர் மாட்டியபின் கீறல் விழவில்லை. இனி வரமாட்டானோ என்று மரியபுஷ்பம் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் ஷூவைத் துடைக்க எடுத்தாள். வலது குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது.