செம்புக்குள் ஒரு சென்சார்

பள்ளியில் கொடுத்த ரோபோட்டிக்ஸ் பெட்டியிலிருந்து ஒரு சென்சாரை எடுத்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்த செம்புத் தண்ணீரில் இறக்கினாள் குந்தவை.

"அங்க என்னடி பண்றே?" அடுப்படியிலிருந்து அம்மா வாசுகி கேட்டாள்.

"ப்ரோக்ராம் எழுதியிருக்கேம்மா. தண்ணி குறைஞ்சா பஸர் அடிக்கும்."

அப்பா இறந்து பன்னிரண்டு நாள். கருமாதி வரைக்கும் வைக்கிற தண்ணீர் தினமும் மதியத்துக்குள் பாதியாகிவிடுகிறது. அப்பாதான் வந்து குடிக்கிறார் என்றாள் அம்மா. முதலில் அதை நம்பிய குந்தவைக்கு இப்போது சந்தேகம்.

வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "இன்னிக்கு நீ இங்கேருந்து எழுந்திரிக்கவே கூடாது."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த வாசுகியின் கை நின்றது.

"கண்டுபிடிச்சிட்டியா? நான்தான் தினம் கொஞ்சம் எடுத்துச் செடிக்கு ஊத்துறேன். அவரு போன அன்னிக்கு நீ ஒரு வாய் சோறு திங்கலை. மறுநாள் தண்ணி குறைஞ்சிருக்கிறதைப் பாத்த பிறகுதான் சாப்பிட்டே. அதான்..."

குந்தவை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் பஸர் அடித்தது.

இருவரும் போய்ப் பார்த்தார்கள். கதவு தாழிட்டபடியே இருந்தது. செம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்காவது சிந்தியிருக்குமா என்று குந்தவை குனிந்து தரையைத் தடவினாள். காய்ந்து கிடந்தது.

வாசுகி நிதானமாகச் செம்பைக் கையில் எடுத்தாள்.

"வெயில்ல வயலுக்குப் போயிட்டு வந்தா, உங்கப்பாவுக்கு ஒரு செம்பு என்னிக்குடி பத்தியிருக்கு? போய்க் குடத்தைத் தூக்கிட்டு வா."