இனி ஓடாத கார்

லண்டன் இல்ஃபோர்டில் ரயில் பாலத்தடிக் கராஜுக்குள் மழைக்கால வெளிச்சம் சாம்பலாய்ப் படர்கிறது. போன கிழமை திருத்தவென்று விட்ட தன் பழைய சிவப்புக் காரை யோகராணி சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள். மெக்கானிக் குகன் உச்சுக் கொட்டுகிறான். "எஞ்சின் முடிஞ்சுதக்கா. இனி ஒரு அடி நகராது. திருத்திறது வீண், வேறை ஒண்டு வாங்குங்கோ. இதை நான் ஸ்கிராப்புக்குக் குடுத்து விடுறன்." குரலில் செத்த வீட்டுத் துக்கம். கையோ பொனெட்டிலிருக்கும் கிறீஸ் கறையைப் பழந்துணியால் பதமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேல் ரயில் தடதடத்துப் போக, தகரக் கதவு நடுங்குகிறது. "மற்றத் திறப்பையும் தாங்கோவன்" என்கிறான். ஸ்கிராப்புக்கு எதற்கு இரண்டு திறப்பு? கைப்பையைத் துழாவும்போது சாவி வளையத்தோடு திறப்பு நழுவி முன்சில்லடியில் விழுகிறது. எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நிற்கிறாள். டயரின் வெடிப்புக்குள் நசுங்கிய தேசிக்காய்த் தோல், இன்னும் ஈரமாய், பச்சை மாறாமல். புதிதாகக் கார் எடுப்பவர்கள் கண்ணூறு கழியச் சில்லடியில் வைத்து ஏற்றி நசிக்கிற எலுமிச்சங்காய். அவள் திறப்பை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு நிமிர்கிறாள்.

"ஸ்கிராப்புக்குப் போற காருக்கும் தேசிக்காய் வைக்கிறனீங்களோ, தம்பி?"

துணி பொனெட்டில் அப்படியே நிற்கிறது.