அங்க அடையாளம்

“ஜெபமலர்னு யாரையாவது உங்களுக்குத் தெரியுங்களா கவுண்டரே?”

களத்து மேட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அர்த்தநாரிக் கவுண்டர் தெரியாது என்று தலையை அசைத்தார்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் குமாரசாமி கையிலிருந்த காகிதத்தை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து, படித்துச் சொன்னார்.

சைகோனில் இருக்கிறாளாம். அங்கே பிரெஞ்சு சர்க்காரில் குமாஸ்தாவாக இருக்கும் ஒருவனின் மனைவியாம். மூன்று மாதம் இந்தியாவுக்கு வந்து போக விசா வேண்டும் என்று பிரிட்டிஷ் கான்சலிடம் மனுப் போட்டிருக்கிறாள். பிறந்த ஊர் இதுதான். யாரைப் பார்க்க என்ற இடத்தில் அர்த்தநாரிக் கவுண்டர் என்று இருக்கிறது.

என்ன உறவு என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

“நமக்குத் தெரிஞ்ச பொண்ணுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா விசா கெடைக்கும். இல்லைன்னா மனு தள்ளுபடிதான்.”

சைகோன் என்ற சொல்லிலேயே கவுண்டருக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய மூத்த மகள் கண்ணாத்தாள். ராசிபுரத்துப் பக்கம் மாதா கோயில் கட்டியபோது கணக்கெழுத வந்திருந்த புதுச்சேரிக்காரனோடு சைகோனுக்குப் போனவள். ஜெபமலர் என்பது வேதத்தில் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயராக இருக்கும்.

ஆனால் ஊருக்குத் தெரிந்த கண்ணாத்தாள் செத்துப்போனவள். அவள் போன சில நாளில் காட்டுக் கிணற்றில் ஒரு பெண்ணின் உடல் மிதந்தது. முகம் தெரியாதபடி ஊறியிருந்தது. என் மகள்தான் என்று பெற்ற தகப்பன் சொன்ன பிறகு மறுத்துப் பேச ஆள் இல்லை. பொழுது சாய்வதற்குள் எரித்தார்கள்.

கன்னியாகச் செத்தவள் என்று கிணற்றடியில் கல் நட்டு, வருஷா வருஷம் பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள். ஓடிப்போனவளின் தங்கைகளுக்குக் கிடைக்காத இடங்கள், தெய்வமாகிப்போனவளின் தங்கைகளுக்குக் கிடைத்தன. இருவரும் நல்ல குடும்பங்களில் வாழ்கிறார்கள்.

தான் செத்துப்போனது கண்ணாத்தாளுக்குத் தெரியாது.

மகள் என்று எழுத அவளுக்குத் துணிவு வரவில்லை போலும். இல்லையென்றால், அவரே எழுதட்டும் என்று விட்டிருக்கிறாள்.

கவுண்டர் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்த பண்ணையாள் கருப்பண்ணன், கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

“ஏனுங்க சாமி, நம்மூருப் பொண்ணுன்னா... எங்க பாவாயியா இருக்குமுங்களா?”

பாவாயி அவனுடைய ஒரே மகள். கண்ணாத்தாள் போன அதே வாரத்தில் காணாமல் போனவள். அவளைத் தேடி அவன் ஈரோட்டு ரயிலடியில் அலைந்துகொண்டிருந்த நாளில்தான் இங்கே சிதை எரிந்தது. எவனோடோ கப்பலேறிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. “ஏன்டா கருப்பா, மருமவன் பொட்டி கிட்டி அனுப்புனானா?” என்று இன்றும் சந்தையில் வைத்துக் கேட்கிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவான்.

வெள்ளிக்கிழமைகளில் கிணற்றடிக் கல்லுக்கு விளக்கேற்றுகிறவனும் அவன்தான். மகள் திரும்பி வரவேண்டும் என்று அந்தக் கல்லிடம் வேண்டிக்கொள்வான்.

இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இருந்தாலும் இருக்கும் கவுண்டரே. பண்ணையாள் பொண்ணு பண்ணைக்காரர் பேரைத்தானே குடுப்பா? உறவுன்னு என்னத்தை எழுதுவா, பாவம்.”

கவுண்டர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியாது என்றால் அவள் வரமாட்டாள். என் மகள் என்றால் கிணற்றடிக் கல் பொய்யாகிவிடும். மற்ற மகள்கள் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவார்கள்.

கருப்பண்ணன் மகளாக அவள் வரலாம். ஊருக்குள் வர வேண்டியதில்லை. சேலம் ஜங்ஷனுக்குத் தாமே போய்ப் பார்த்து, அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடலாம். ஒரு தடவை பார்த்தால் போதும்.

“இவன் பொண்ணுதான்,” என்றார் கவுண்டர். “எனக்குத் தெரியும். எழுதிக்குங்க.”

கருப்பண்ணன் நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தான்.

“அம்மிணியத்தான் பறிகுடுத்துட்டீங்க சாமி. எம்புள்ளையாச்சும் உசுரோட இருக்குதுங்களே.”

கவுண்டர் அவனை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து தகப்பன் பெயரையும் ஊரையும் எழுதினார். பிறகு நிமிர்ந்து, “அங்க அடையாளம் ஒண்ணு சொல்லப்பா. அங்கே அவளைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பாங்க. பொருந்தினாத்தான் விசா,” என்றார்.

கவுண்டர் இதை எதிர்பார்க்கவில்லை.

கண்ணாத்தாளின் பிடரியில், கொண்டைக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. பண்ணையாள் மகளின் பிடரியில் மச்சம் இருந்தது என்று ஒரு கவுண்டர் எந்த வாயால் சொல்வது?

கருப்பண்ணன் யோசிக்கவே இல்லை. எழுந்து உட்கார்ந்து, மண் ஒட்டிய முகத்தோடு சிரித்தான்.

“எடது காலுங்க. சுண்டு வெரலும் பக்கத்து வெரலும் ஒண்ணா ஒட்டிப் பொறந்துதுங்க. எத்தனை பேருல நின்னாலும் எம்புள்ள காலை நான் கண்டுபுடிச்சிருவனுங்க.”

பேனா அதை அப்படியே எழுதிக்கொண்டு போனது.

“நீங்களும் பார்த்ததுதானுங்களே கவுண்டரே? சாட்சிக்கு உங்க கையெழுத்து வேணும்.”

பார்த்ததுதான் என்று கவுண்டர் தலையை அசைத்தார்.

சிதையில் கிடத்தும்போது, போர்த்தியிருந்த கோடித் துணிக்கு வெளியே அந்த இடது கால் நீட்டிக்கொண்டிருந்தது. வேறு யாரும் பார்ப்பதற்குள் துணியை இழுத்து மூடியவர் அவர்தான்.