பெயர் போட அனுமதி இல்லை

“என்ட புத்தகத்துட பேர் ஒங்கட புத்தகத்துல வாணாம், டீச்சர்” என்று ஹாஷிம் மறுபடியும் சொன்னார்.

கமலாசனி அச்சகத்திலிருந்து வாங்கி வந்த புரூஃப் தாள்களை விரித்துக்கொண்டு நின்றாள். யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த வருடம். அச்சகம் இருந்த மஹய்யாவவிலிருந்து ஹாஷிமின் கடைக்கு வருவதற்குள் சந்திக்குச் சந்தி பொலிசுக்குப் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

கணக்குப் படிப்பித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இருந்து எழுதிய முதல் புத்தகம். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, தாயக்கட்டை உருட்டி, கதையை வளர்த்துக்கொண்டே விளையாடுகிற மேசை விளையாட்டின் கதையும் விதிகளும். நாளைக்கு அச்சேற வேண்டும்.

கண்டியில் தமிழில் இப்படியொன்றை முதலில் போட்டவர் கொப்பி, பேனா விற்கிற இந்த ஹாஷிம்தான். அவருடைய ‘இருட்டுக் கணவாய்’ திறந்த உரிமத்தில் வந்தது. விதிகளை எவரும் எடுக்கலாம். எடுத்தால் கடைசிப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தின் பெயரைப் போட வேண்டும். மற்ற இடங்களில் பெயரைச் சொல்ல அவருடைய அனுமதி வேண்டும்.

அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

“நான் என்ன களவே எடுத்தனான், ஹாஷிம் நானா? காவல்காரன்ர கண்ணில படாமல் போற விதி உங்கட புத்தகத்தில வடிவாய் இருக்கு, வாங்கிப் பாருங்கோ எண்டுதானே எழுதியிருக்கிறன். உங்களுக்குத்தானே வியாபாரம்.”

“எனக்கு வியாபாரம் வாணாம்.”

“கடையைத் திறந்து வச்சுக்கொண்டு சொல்லுறியள்.”

வழக்கமாகச் சிரிப்பவர், சிரிக்கவில்லை. “அந்த வரிய வெட்டுங்க.”

“சரி. விதியை முழுசாய் என்ர புத்தகத்திலேயே போடுறன். அதுக்கு உங்கட அனுமதி தேவையில்லை. கடைசிப் பக்கத்தில மட்டும் பேர் வரும்.”

“அதுவும் வாணாம்.”

“உரிமத்தில அப்பிடித்தானே கிடக்கு. அதைப் போட்டதே நீங்கள்தானே.”

“வெளங்குது. அந்த விதியையே உட்டுடுங்க. ஆக்கள வேற வழியால அனுப்புங்க.”

“முழுக் கதையும் அந்தக் காவலைத் தாண்டித்தான் போகுது. நாளைக்கு அச்சுக்குப் போற புத்தகத்தில இருந்து நான் இப்ப மலையைப் பேர்க்கிறதோ?”

ஹாஷிம் பென்சில் பெட்டிகளை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்துத் திரும்பவும் அடுக்கினார்.

கமலாசனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதுங்க, எழுதுங்க என்று அரித்தெடுத்த மனிதர். எழுதி முடித்ததும் பக்கத்தில் இன்னொரு புத்தகம் நிற்கப் பொறுக்கவில்லை. தாராள குணமெல்லாம் உரிமத்தோடு சரி.

“வெட்டுறன். காவல், காவல்காரன் எல்லாத்தையும் வெட்டுறன். ஆற்றை நீந்திப் போகட்டும். இனி உங்கட பேர் என்ர வாயிலையும் வராது.”

“அதான் நல்லம்.”

தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினாள். வாசலில் ஹாஷிமின் மனைவி சகீனா, கையில் தேத்தண்ணியோடு நின்றாள்.

“குடிச்சிட்டுப் போங்க, டீச்சர்.”

“உங்கட மனுசனுக்கே குடுங்கோ. என்ர புத்தகத்தில பட்டால் அவற்ற பேர் தேய்ஞ்சு போகுமாம்.”

சகீனா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“முந்தாநாள் இவர பொலிசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. யாரோ ஒரு பொடியன்ட பைக்குள்ள இவர்ட புத்தகம் அம்புட்டிருக்கு. காவலத் தாண்டிப் போற வழிய ஏன் எழுதினீங்கன்டு கேட்டுக் கேட்டு, ராவாகித்தான் உட்டாங்க.”

கமலாசனியின் கை பையை இறுக்கிக்கொண்டது. “எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்க பயந்து புத்தகத்தையே போட மாட்டீங்களாம்.”

“விளையாட்டு எண்டு அவையளுக்குச் சொல்லேல்லையோ?”

“சொன்னாரு. இந்தப் புத்தகத்துட பேர வேற யாரும் அவங்கட புத்தகத்துல போட்டிரிக்காங்களான்டு கேட்டாங்களாம். ஒருத்தரும் இல்லன்டு எழுதி ஒப்பம் வச்சுக் குடுத்துட்டு வந்திரிக்காரு, டீச்சர்.”