ஹைட்ராலிக்ஸ் மட்டும்தான்

பாதித் தூரம்கூடப் போகவில்லை.

இழுவைப் பந்தயத்தில் டிராக்டர் இழுத்துப்போக வேண்டிய, போகப்போக எடை ஏறும் சறுக்கு வண்டி, பின்னாலிருந்து அதை அழுத்திப் பிடித்துவிட்டது. பின்சக்கரங்கள் களிமண்ணைத் தோண்டியபடி நின்ற இடத்திலேயே சுழன்றன. நடுவர் சிவப்புக் கொடியை ஆட்டினார்.

வேலியோரம் நின்றிருந்த மார்லிஸ் வேறு பக்கம் பார்த்தாள்.

"நம்ம வெர்லினுக்கு ஒரு கைதட்டு குடுங்க! போன வருஷம் வரைக்கும் இந்த மனுஷன ஜெயிக்க ஆளே கிடையாது!" என்றது ஒலிபெருக்கி.

தட்டினார்கள். தோற்றவனுக்குத் தட்டுகிற தட்டல். சீக்கிரமே அடங்கிவிட்டது.

இந்தக் கோடையில் அயோவாவில் எந்தத் திருவிழாப் பந்தயத்திலும் அவள் கணவன் வெர்லின் ஜெயிக்கவில்லை.

குளிர்காலத்தில் வெர்லினுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். குணமானதும் பந்தயத்துக்குப் போகலாம், ஆனால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டக் கூடாது என்றார் டாக்டர். அவன் தாத்தா காலத்து டிராக்டர் அது. திருப்பவே தோளில் வலு வேண்டும். அதனால் ஹைட்ராலிக் ஸ்டியரிங் பொருத்துவதற்காக மார்லிஸின் தம்பி லோவெலின் பட்டறைக்கு வண்டியை அனுப்பினார்கள்.

லோவெல் அதைப் பொருத்தினான். அப்புறம் அக்கா கேட்டுக்கொண்டபடி இன்ஜினையும் மாற்றினான்.

வெர்லின் வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து வலுவேற்றிய இன்ஜினை இறக்கிவிட்டு, அதே கம்பெனியின் சின்ன இன்ஜினை ஏற்றினான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். பழையது இன்னும் பட்டறை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.

"மச்சான் கேட்டா என்னக்கா சொல்றது?" என்று கேட்டான் லோவெல்.

"ஹைட்ராலிக்ஸ் மட்டும்தான்னு சொல்லு."

பழைய இன்ஜின் இழுக்கிற வேகத்தில் முன்சக்கரங்கள் இடுப்புயரம் அந்தரத்தில் எழும்பி நிற்க, தையல் போட்ட நெஞ்சோடு அவன் மேலே உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

வெர்லின் டிராக்டரை டிரெய்லரில் ஏற்றி நிறுத்தினான். மார்லிஸ் பக்கத்தில் வந்து நின்றாள். வருஷாவருஷம் அவனிடம் தோற்றுக்கொண்டிருந்த கர்ட், குச்சியில் செருகிய பன்றிக்கறியைக் கடித்துக்கொண்டே அந்தப் பக்கம் வந்தான்.

"என்ன பெரிசு, இழுக்கச் சொன்னா உழுதுட்டு வரீங்க?"

வெர்லின் சிரித்தான். "வண்டில ஒரு குறையும் இல்லப்பா. எனக்குத்தான் கை மறந்துபோச்சு. அடுத்த வருஷம் வந்தாலும் வருவேன், சொல்ல முடியாது."

கர்ட்டின் முகத்திலிருந்து கேலி போய்விட்டது. வெர்லினின் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தான்.

அந்தத் தட்டல்தான் மார்லிஸுக்குத் தாங்கவில்லை.

"வெர்ல், உன் கைல ஒரு குறையும் இல்ல. அந்த இன்ஜின்..."

"சின்னது. தெரியும்."

அவன் குனிந்தபடியே சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தான்.

"எப்போலேருந்து?"

"மொத நாள் ஸ்டார்ட் பண்ணினப்பவே. அது சத்தமே வேற. ஆனா உன் தம்பி நல்லாத்தான் மாட்டியிருக்கான், குத்தம் சொல்ல முடியாது."

"தெரிஞ்சுமா ஒவ்வொரு ஊராப் போய்த் தோத்துட்டு வந்தே? பாக்கறவன்கிட்டல்லாம் கை மறந்துபோச்சுன்னு சொல்லிக்கிட்டு?"

வெர்லின் சங்கிலியை இறுக்கி முடித்தான். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிலேருந்து வந்த பிறகு ராத்திரில நீ கண்ணே மூடல மார்லிஸ். படுக்கைல உக்காந்து என் மூச்சையே பாத்துக்கிட்டிருந்தே. வண்டி பட்டறைலேருந்து வந்த அன்னிக்குத்தான் படுத்துத் தூங்கினே. அது போதும்னு விட்டுட்டேன்."

அவள் டிரெய்லரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ராத்திரியிலிருந்துதான் அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, கண்ணை இறுக்கி மூடி, தூங்குகிறவளைப் போல நீளமாக மூச்சு விட்டுக்கொண்டே விடியும்வரை கிடப்பாள். ஒரு ராத்திரி தவறாமல்.

வெர்லின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பல்லாம் நல்லாத் தூங்கறே, இல்ல?"

"படுத்த உடனே தூங்கிடறேன்" என்றாள் மார்லிஸ்.