அட்ரஸ் விசாரித்து வந்த ஆமை

"ஏனுங்க டீச்சர், புள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தாரீங்களா, குடும்பத்தைக் கெடுக்க வழி சொல்லித் தாரீங்களா?"

செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை வெங்கடபதி. மதுக்கரைப் பக்கம் புது வீடு. நேற்றுத்தான் கிரகப்பிரவேசம். மாவிலைத் தோரணம் இன்னும் வாடவில்லை.

போனில் அவர் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்திருந்தாள் ஹிபா டீச்சர்.

ஹாலில் ஒரு நட்சத்திர ஆமை. அதற்கு முன்னால் கைகளை விரித்து மறித்து நின்றாள் அவருடைய மகள், ஏழாவது படிக்கும் மானசா.

"அழியற உசுரு, காப்பாத்தோணும்னு சொன்னீங்களாமா. அதுக்காக ஊட்டுக்குள்ளயே கொண்டாந்து உட்டிருக்கறா. ஆமை புகுந்த ஊடு உருப்படுமுங்களா?"

"நான் கொண்டாரலப்பா. கேட்டு தொறந்திருந்துச்சு, அதுவா வந்துச்சு."

"அதுவா வந்துச்சாமா! அட்ரஸ் விசாரிச்சுட்டு வந்துச்சாக்கும்?"

வாசலில் நின்ற தன் டிரைவர் பக்கம் திரும்பினார். "சாக்குல போட்டு பைபாஸ்ல வீசிட்டு வந்துரு."

"லாரில அடிபட்டுச் செத்துரும்ப்பா!"

"சாகட்டும். எனக்கு எங்குடும்பம் முக்கியம்."

போன மாதம் பள்ளி விழாவில் 'வாயில்லா ஜீவன்களைக் காப்போம்' என்று முழங்கிவிட்டு மாலையும் பொன்னாடையும் வாங்கிப் போனவர் இதே வெங்கடபதிதான். மைக்கைப் பிடித்தால் எல்லாரும் வள்ளலார்தான்!

ஹிபா குனிந்து பார்த்தாள். ஆமையின் ஓட்டில் ஓரமாய் ஒரு பழைய உடைசல். பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"மானசா, இது..."

"ஆமாங்க மிஸ், அதேதான். பார்த்ததுமே கண்டுபுடிச்சுட்டேன்."

"என்னம்மிணி அது?" என்றார் வெங்கடபதி.

"போன வருசம் மிஸ் எங்க கிளாஸையே கூட்டியாந்து இந்த ஆமையைத்தான் காட்டினாங்க. கிளுவை வேலிக்கு அடியில படுத்திருந்துச்சு."

"எந்த வேலி?"

"நீங்க ஜேசிபி உட்டுப் புடுங்குனீங்களே, அந்த வேலி. இப்ப நம்ம சோபா கெடக்கற எடம்."

ஆமை சோபாவின் காலில் முட்டியது. நகர்ந்தது. மறுபடியும் அங்கேயே வந்து முட்டியது. சாக்குடன் வந்த டிரைவர் அப்படியே நின்றுவிட்டார்.

மானசா அப்பாவிடம் திரும்பினாள்.

"அது நம்மூட்டுக்குள்ள புகலப்பா. நாமதான் அதோட ஊட்டுக்குள்ள புகுந்துபோட்டோம். இப்பச் சொல்லுங்க, உருப்படாமப் போனது யாரு?"